மண்டபத்தில் இறங்க வேண்டாம்

ராமேசுவரத்தில் யாத்திரிகர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் முன்பதிவும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. பாம்பனில் பழைய ரயில் பாலத்தை மூடியதிலிருந்து புதுப் பாலம் திறக்கும்வரை ரயில்கள் தீவுக்குள் வரவில்லை. அதனால் எங்களிடம் அறை பதிவு செய்கிறவர்களுக்கு மூன்று மின்னஞ்சல்கள் தானாகப் போகும்படி கணினியில் அமைத்திருந்தேன். பதிவானதும் முதல் கடிதம்: பாலத்துக்கு முந்தைய மண்டபம் ஸ்டேஷனில் இறங்குங்கள், விவரம் பின்னால் வரும். வருவதற்கு மூன்று நாள் முன்பு இரண்டாவது: எங்கள் வேன் ஸ்டேஷன் வாசலில் நிற்கும், ஓட்டுநரின் கைபேசி எண் இது. அறையைக் காலி செய்த மறுநாள் மூன்றாவது, நன்றிக் கடிதம். மென்பொருளில் இதற்குப் பெயர் கேம்பெய்ன். நாங்கள் வரிசை என்போம்.

பாலம் திறந்து ரயில்கள் மறுபடி ராமேசுவரம் வரை வரத் தொடங்கியதும் புது வரிசை எழுதினேன். மண்டபத்தில் இறங்க வேண்டாம், ராமேசுவரத்திலேயே இறங்குங்கள் என்று அதன் முதல் இரண்டு கடிதங்களிலும் இருக்கும். வேன் ஏற்பாடு சுருங்கிவிட்டதால் இரண்டாவது கடிதத்தை இரண்டு நாள் முன்பு அனுப்பினால் போதும் என்று மாற்றினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "பழச நிறுத்திட்டுப் புதுச ஓட்டி விட வேண்டியதுதானம்மா, இதுல என்ன யோசனை?" என்றார்.

யோசனை இருந்தது. பழைய வரிசைக்குள் முப்பத்தெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் இரண்டு கடிதமும் வாங்கியவர்கள், மற்றவர்கள் முதலாவதை மட்டும் வாங்கி இரண்டாவதற்குக் காத்திருப்பவர்கள். பழையதை நிறுத்தினால் அவர்களுக்கு இனி ஒன்றும் போகாது. புது வரிசை புதிதாகப் பதிவு செய்கிறவர்களைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே பதிந்தவர்களை அது திரும்பிப் பார்க்காது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒரே ஆளுக்கு மண்டபம் என்று ஒரு கடிதம், ராமேசுவரம் என்று ஒரு கடிதம். இதை முதலாளிக்குக் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினேன். உன் இஷ்டப்படி செய் என்று போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பழைய வரிசையின் வாசலை மட்டும் மூடினேன். புதிதாக யாரும் உள்ளே போக முடியாது. முப்பத்தெட்டுப் பேரின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டேன். மண்டபக் கடிதம் இரண்டும் வாங்கிவிட்ட ஒன்பது பேரைத் தொடவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டோம், அவர்கள் வரும்வரை வேன் அங்கே போய் நிற்கத்தான் வேண்டும். அவர்களில் கடைசிக் குடும்பம் வெள்ளிக்கிழமை வருகிறது. மீதி இருபத்தொன்பது பேரையும் பழையதிலிருந்து ஒவ்வொருவராக எடுத்துப் புது வரிசையின் இரண்டாம் கடிதத்துக்கு முன்னால் நிறுத்தினேன். புது இடத்தில் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் டிக் போட்டேன். பகல் ஒரு மணிக்கு இருபத்தொன்பது டிக். ஒருவர்கூட விடுபடவில்லை என்று டைரியில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வியாழக்கிழமை நண்பகலில் வேன் ஓட்டுநர் வந்தார். தங்கச்சிமடத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். மண்டபத்தில் நிற்பது அவருக்குப் பெரிய மனக்குறை. "ரயிலு என்னையத் தாண்டிப் பாலத்துல போகுதுக்கா. நான் அங்கன போர்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். டீக்கடைக்காரர், பாலம் தொறந்தது உனக்கு யாரும் சொல்லலையாங்கிறாரு."

நாளையோடு முடிந்தது என்றேன்.

"அப்ப சனிக்கிழமை காலையில வீல்சேர் கேட்ட பெரியவரு வாராருல்ல, அவரை எங்கன ஏத்தணும்?"

அவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார் என்று பட்டியலைக் காட்டினேன். ஓட்டுநர் பட்டியலைப் பார்க்கவே இல்லை.

"ஞாயிறு அமாவாசைக்கா. அமாவாசையன்னைக்கு எவன் வந்து எறங்குவான்? மொத நாளே வந்து எறங்கி, விடியக்காலம் அக்னி தீர்த்தத்துல நிப்பாக. சர்ச்சுக்குப் போற எனக்கே தெரியுது."

எனக்கும் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும். தர்ப்பணத்துக்கு வருகிறவர்களை நாங்கள் யாரும் தேதி சொல்லிப் பேசுவதில்லை; அமாவாசைக்கு வருகிறவர்கள் என்போம். பதிவேட்டிலும் வருகைத் தேதிக்கான இடத்தில் அமாவாசைத் தேதியையே போட்டு வந்திருக்கிறோம், முதல் நாள் இரவுக்கும் அறை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால். கணினிக்குத் தெரியாது. பழைய வரிசையில் மூன்று நாள் இடைவெளி இருந்ததால் இது வெளியே தெரியாமல் கிடந்தது. நான் ஒரு நாளைக் குறைத்ததும் கடிதம் வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பம் வடக்கே இரண்டு இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. வியாழன் மாலை ரயில் ஏறிவிடுவார்கள். முதல் கடிதத்தை நம்பி எண்பது தாண்டிய மனிதரை மண்டபத்தில் இறக்கினால், அங்கே வேனும் இல்லை, வீல்சேரும் இல்லை.

இருபத்தொன்பது பேரில் அமாவாசைக்காரர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் இரண்டாம் கடிதத்தை அப்போதே கையால் அனுப்பினேன். பிறகு ஒவ்வொருவருக்கும் தொலைபேசி. முதல் அழைப்பு அந்தப் பெரியவரின் மருமகளுக்கு. கடிதத்தைத் திறந்து பார்த்துவிட்டார்.

"நல்ல வேளை சொன்னீங்க. மாமா கிட்ட மண்டபம் மண்டபம்னு நூறு தடவை சொல்லி வச்சிருக்கேன். உங்க பழைய கடிதத்தை பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில வச்சிருக்காரு."

புதியதையும் அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னேன். இரண்டரை மணிக்குள் பன்னிரண்டு பேரிடமும் பேசி முடித்தேன். பதிவேட்டில் வந்து இறங்கும் நாள், தர்ப்பண நாள் என்று இரண்டு தனி இடங்கள் போட்டேன்.

சனிக்கிழமை காலை ராமேசுவரம் ஸ்டேஷனுக்கு ஓட்டுநருடன் நானும் போனேன். வண்டி வந்து நின்று கூட்டம் கலைந்த பிறகு மருமகள் இறங்கினார், பின்னால் பெரியவரை இருவர் பிடித்து இறக்கினார்கள். வீல்சேரில் உட்கார்ந்ததும் மருமகள் என்னிடம், மண்டபத்தில் மாமா எழுந்து கதவுவரை போய்விட்டார், இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று என்றார்.

பெரியவர் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானே?"

ஆமாம் என்றேன்.

"ஒண்ணு எறங்குங்குது, ஒண்ணு எறங்காதங்குது. முன்னாடி எழுதினதை விட்டுருங்கன்னு இதுல ஒரு வரி இல்லையேம்மா. நான் எதைக் கேக்குறது?"

நியாயமான கேள்வி. கடிதம் ஒன்றும் தொலையாமல் போய்ச் சேர்ந்ததைத்தான் நான் கணக்கு வைத்திருந்தேன். வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கைபேசியில் இரண்டாம் கடிதத்தைத் திறந்து தலைப்பிலேயே சேர்த்தேன்: மண்டபத்தில் இறங்கச் சொன்ன எங்கள் முந்தைய கடிதம் இனிச் செல்லாது. சேமிப்பதற்கு முன் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருமுறை படித்துவிட்டு, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன்.