சிகாமட்டுக்குப் போன கறி லாரியும் எங்கள் பெட்டியும்

டொக்...

தம்போய் ஊரில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் சிமெண்ட் தரையில் பெட்டி விழும் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. போடுவது நான்தான். முதலில் இடுப்பு உயரத்திலிருந்து, பிறகு தோள் உயரத்திலிருந்து. உடைந்தால் ரவி அண்ணனிடம் காட்ட வேண்டும். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!

ரவி அண்ணன்தான் முதலாளி, இன்ஜினியர், எல்லாம். சிங்கப்பூர் வேலையை விட்டு வந்து, குளிர் லாரியில் மாட்ட ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். வழியில் குளிர் குறையாமல் இருந்தால் பச்சை விளக்கு. குறைந்தால் சிவப்பு. அவ்வளவுதான்.

"எங்க மாமியார் பார்த்தாலும் புரியணும்டா. லாரி ஏறினாலும் உடையக்கூடாது," என்பார்.

முதல் சோதனை, சிகாமட்டுக்குப் போகும் ஆட்டுக்கறி லாரியில். அங்கே குளிர் கிடங்கு வைத்திருந்த பாய்க்குப் பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு அண்ணன் மறுபடியும் சிங்கப்பூர்... நான்? வீட்டில் மனைவி ஏழு மாதம்.

லாரிக்குப் பின்னாலேயே காரில் போனோம். கிடங்கு வாசலில் டிரைவர் முனியாண்டி அண்ணன் கதவைத் திறந்தார். குளிர் வெள்ளைப் புகையாக வந்து முகத்தில் அடித்தது. பாயும் நாங்களும் தலையை நீட்டி எட்டிப் பார்த்தோம்.

பெட்டியில் சிவப்பு.

"என்னா தம்பி, சிவப்பா இருக்கு? கறி கெட்டுப் போச்சா? எனக்கு வேணாம் லா, திருப்பிக் கொண்டு போங்க," என்றார் பாய்.

ரவி அண்ணன் பெட்டியைப் பார்க்க லாரிக்குள் காலை வைத்தார்.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தார் முனியாண்டி அண்ணன். "பாய், அது லைட்டு இல்ல, நான் வச்ச பொட்டு! புது மெசின், முதல் பயணம்... நடு நெத்தியில வட்டமா இடம் வேற இருந்துச்சா..."

தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். சந்தனமும் குங்குமமும் போன இடத்தில் பச்சை, பளிச்சென்று!

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன் தம்பி, பொட்டு வைக்க ஒரு இடம் விட்டுச் செய்யக்கூடாதா? உங்க ஆளுங்க வைக்காம இருப்பாங்களா? அதைச் சரி பண்ணிட்டு வாங்க, எல்லா லாரிக்கும் மாட்டிக்கலாம்."

அடுத்த பெட்டியில் விளக்கை ஓரமாக ஒரு பள்ளத்துக்குள் இறக்கினோம். நெற்றியைக் காலியாக விட்டோம். என் மகன் குடித்த பால் மாவெல்லாம், நான் அந்தப் பெட்டிகளைக் கீழே போட்டுப் போட்டுச் சம்பாதித்தது.

அவன் இப்போது லாரி கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். சாப்பிட்டுக்கொண்டே போனைக் காட்டுகிறான். "அப்பா, லாரி யோங் பெங் தாண்டிருச்சு. குளிர் ஓகே."

நல்ல விஷயம்தான். யாருக்கும் பதற்றம் இல்லை.

ஆனால் அப்போது கதவு திறக்கும்வரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. விற்பவர், வாங்குபவர், ஓட்டுபவர் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இருட்டுக்குள் எட்டிப் பார்ப்போம்...

இப்போது அவரவர் போனில் எல்லாம் தெரிகிறது. கூட நின்று எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.