அண்டாவில் வெட்டிய பெயர்

காலை ஏழரை மணி. திருப்பதியில் அக்கா வீட்டுக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டவை, கூடத்தில் வரிசையாகக் கவிழ்த்திருந்த ஆறு பித்தளைப் பாத்திரங்கள். ஐந்து தவலைகள், ஓர் அண்டா. அந்த அண்டாவில் நாற்பது பேருக்குச் சோறு வடிக்கலாம்.

ஆந்திரா தனி மாநிலமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்பதே ஊர்ப் பேச்சு. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், இரண்டு பக்கமும் கடன் வாங்கி ஜவுளிக்கடை நடத்தியவர். எல்லையை எங்கே போட்டாலும் அவருக்கு ஒன்றுதான். கடைசியில் சித்தூர் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். கடைக்குச் சீல் வைத்தாகிவிட்டது. அன்று வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்க அமீனா வரவேண்டும்.

பாத்திரங்களை உடனே வண்டியேற்றச் சொன்னார்கள் சத்தியவேட்டு உறவினர்கள். வக்கீல் தடுத்துவிட்டார்.

"ஒளிச்சு வெச்சா தோண்டி எடுப்பான். உடுத்துற துணி, படுக்கை, சமைக்கிற சின்னப் பாத்திரம், கழுத்துத் தாலி, இதையெல்லாம் சட்டமே விட்டுடும். பெரிய பாத்திரம் பொறந்த வீட்டுச் சீருன்னா பொண்டாட்டி சொத்து. ஆனா அதைக் காட்டணும்."

காட்டுவதில்தான் சிக்கல். எங்கள் வழக்கப்படி சீர்ப் பாத்திரத்தின் உள்விளிம்பில் பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாகத் தமிழில் வெட்டியிருந்தார்கள். கல்யாண வீடுகளுக்கு இரவல் போன பாத்திரங்கள் மாறி வருவதைக் கண்டு எரிச்சலான மாமா, பிறகு ஒருநாள் எல்லாவற்றின் வெளிப்புறத்திலும் தன் பெயரைத் தெலுங்கில், உள்ளங்கை அகலத்துக்கு வெட்டவைத்தார்.

யாத்ரீகர்களுக்கு மெஸ் போடுவது என்று அக்கா தீர்மானித்திருந்தாள். "தவலை போனா மண்பானை வாங்கிக்குவேன்," என்றாள் என்னிடம். "அண்டா போச்சுன்னா மெஸ் இல்ல."

பத்து மணிக்கு அமீனா வந்தார். நெல்லூர்க்காரர். கூடவே காஞ்சிபுரத்து மொத்த வியாபாரி. மாமா அதிகம் பாக்கி வைத்தது அவருக்குத்தான்.

அமீனா முதல் தவலையைத் தட்டி, வெளியே வெட்டியிருந்த பெயரைக் காட்டினார். "இதி மீ பேரேகதா?"

"ஆமா சார். நான்தான் வெட்ட வெச்சேன்," என்றார் மாமா. குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஊருக்கே தெரியணும்னு வெட்டினீங்க, இப்போ அமீனாவுக்கும் தெரிஞ்சுபோச்சு," என்ற அக்கா, தவலையைத் திருப்பினாள். "உள்ளே பாருங்க சார். எங்க நைனா குடுத்தது."

அமீனா குனிந்து பார்த்தார். "அரவம் நாக்கு ராது," என்று தமிழ் தெரியாததை ஒப்புக்கொண்டு, வியாபாரியைப் படிக்கச் சொன்னார். கடன் கொடுத்தவரே படித்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

வியாபாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குந்தினார். எழுத்துக்கூட்டிப் படித்தார். அக்காவின் பெயர்தான். இப்படியே ஐந்து தவலைகளும் தப்பின.

"இத்தினி பெரிய ஏனத்தை வெச்சுக்கினு இன்னா பண்ணப்போறே தாயி?" என்று அக்காவைக் கேட்டார் வியாபாரி.

"மெஸ் போடப்போறேன். நாலு பேர் துன்னா நாங்களும் துன்னுவோம்."

"இவுரு?" என்று மாமாவைக் கையால் காட்டினார்.

"எலை எடுப்பாரு."

அமீனாவுக்குக்கூட அது புரிந்துவிட்டது; சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

அண்டாவின் முறை வந்தது. வியாபாரி உள்விளிம்பில் விரலை வைத்து ஒரு முழுச்சுற்று வந்தார். பிறகு இன்னொரு சுற்று.

"இதுலயும் அந்தம்மா பேருதான் கீது. எழுதிக்க."

மாமா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டார். அமீனா எழுதிக்கொண்டார். சுவர்க் கடிகாரம், இரண்டு நாற்காலி, மாமாவின் சைக்கிள் ஆகியவற்றோடு அவர்கள் புறப்பட்டபோது மணி பதினொன்றே முக்கால்.

அண்டாவை நானும் அக்காவும் பின்கட்டுக்குத் தூக்கிப்போனோம். வெயில் நேராக உள்ளே விழுந்தது. உள்விளிம்பைச் சுற்றிலும் பார்த்தேன். அதில் எழுத்து எதுவும் இல்லை.