துரையின் ரப்பர் பூட்ஸ்

இலங்கையில், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் நான் வேலை பார்த்த காலம் அது. என் ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்துவிட்டது. டிஸ்பென்சரி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பாலம் வழியாகப் போனால் நெடுந்தூரம்.

துரை ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கும்போது போடும், தொடை வரை நீண்ட ரப்பர் பூட்ஸ் பங்களாவில் இருந்தது. அந்த ரப்பர் பாறையைக் கெட்டியாகப் பிடிக்கும் என்று நம்பி, கேட்காமலே மாட்டிக்கொண்டேன்.

“வெறுங்காலோட போங்க, அதுதான் ஒங்களுக்குப் பழக்கம்” என்று மனைவி கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.

நடு ஆற்றில் பாசி படிந்த பாறையில் ரப்பர் வழுக்கியது. விழுந்தேன். பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்து என்னைக் கீழே இழுத்தது. ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டேன். மறு கையில் இருந்த பிள்ளையின் முகம் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தது.

அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தி, “சப்பாத்து கழட்டு! கழட்டு!” என்று கத்தினாள்.

எனக்கு அது பெரிய அளவு, உதறினால் கழன்றுவிடும். ஆனால் நான் உதறவில்லை. பூட்ஸ் ஆற்றோடு போய்விட்டால் துரை வேலையை விட்டு நிறுத்திவிடுவாரே என்று யோசித்தேன்.

அதற்குள் அவள் வெறுங்காலோடு இறங்கி வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். அப்புறம்தான் பூட்ஸை உதறிவிட்டுக் கரையேறினேன்.

மகள் பிழைத்தாள். துரையும் திட்டியதோடு விட்டுவிட்டார்.

நான் அப்படி யோசித்ததை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. “எங்கப்பா ஆத்துல என்னைய காப்பாத்துனாரு” என்று மகள் தன் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.