காயாத தார்

புது பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும், இதே கங்கைக்கரையில் முன்பு இருந்த படகுப் பட்டறை நினைவுக்கு வந்தது: மரத்தூள், கொதிக்கும் தார், பலகை இடுக்கில் பஞ்சு திணிக்கும் சுத்தியலின் டொக் டொக். தூத்துக்குடியில் பிறந்து கொல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, ஆற்றில் மீனும் நண்டும் பிடிக்க ஒரு வள்ளம் வாங்கவென்று ஞாயிறுதோறும் என்னைக் கூட்டிவருவார். பலகை பலகையாக விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார். தரகர் செல்வம் மாமா காட்டிய வள்ளத்தை மட்டும் அவர் தட்டவில்லை.

"தார் இன்னும் காயல அண்ணாச்சி, கை கறுத்துடும். நம்ம ஊர்க்காரன் சொல்றேன், இரும்பு மாதிரி."

முதல்முறை ஆற்றில் இறங்கியபோதே அடிப்பலகை பிளந்தது. அப்பா நீந்திக் கரையேறினார். "தூத்துக்குடிக்காரருக்கு வள்ளம் பார்க்கத் தெரியலையே" என்று தமிழர்கள் கூடும் லேக் மார்க்கெட் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் அதே மாமாதான். அப்பா பிறகு நண்டைத் தொடவேயில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடம். அதில் வீடு வாங்கப்போகும் மாமா, எல்லாவற்றையும் மறந்துவிட்டு, இன்ஜினியரான என்னைச் சுவர் பார்க்க அழைத்திருந்தார். பெயிண்ட் காயாத சுவரைத் தட்டினேன். விரல் வெளுத்தது, உள்ளே பூச்சு ஊறி, செங்கல்லை விட்டுக் கழன்றிருக்கும் வெற்றுச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"எப்படிம்மா இருக்கு?"

"இரும்பு மாதிரி, மாமா."