ஏச்சுக்கு ஆகாத பெயர்

என் தம்பிக்கு எங்கள் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பெயரையே வைத்திருந்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறொன்றும் ஒட்டாமல் அந்தப் பெயர் மட்டும். ஆனால் அதைச் சுமந்து திரிந்தவன் ஓரிடத்தில் அடங்கி இருக்காத குழப்படிகாரன். உம்மாவுக்கு இது பெரிய சிக்கல். அந்தப் பெயரைச் சொல்லி ஏசுவது அதபு, மரியாதை கெட்ட வேலை. ஏசாமல் அவனை வளர்க்கவும் முடியாது. ஆகவே சோறு தின்னக் கூப்பிடும்போது பெயரைச் சொல்வார். கிணற்றுக்குள் கல் எறிந்தால் ‘டேய் தம்பி’ ஆகிவிடுவான். என்னை ஏசுவதற்கு அப்படி ஒரு தடையும் இருக்கவில்லை. என் பெயர் சாவகச்சேரிச் சந்தைவரை கேட்கும். உம்மாவுக்கு அவன்மேல்தான் பாசம் கூட என்று எனக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

இந்திய ஆமி வருவதற்கு முந்தின வருடம் அவனும் என் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் சேர்ந்தான். அங்கே நாங்கள் இருவர்தான் முஸ்லிம் பிள்ளைகள். அவனுடைய டீச்சர் மானிப்பாயிலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். நெற்றி நிறையத் திருநீறு, பெரிய குரல், கள்ளமில்லாத மனிசி. எங்கள் வீட்டு ஒழுங்கு அவருக்கு எப்படித் தெரியும்? தம்பி மேசைமேல் ஏறி நின்ற ஒரு நாள், அவன் பெயரைச் சொல்லிக் கத்தி, அதோடு ஒரு மிருகத்தின் பெயரையும் சேர்த்துவிட்டார். அடுத்த வகுப்பில் இருந்த எனக்கே கேட்டது. அந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத இப்போதும் எனக்குக் கை வராது.

அன்று வாய் வந்தது. தம்பி நன்றாக வாங்கிக் கட்டினான் என்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிப்போய், டீச்சர் சொன்னதை அப்படியே சொல்லத் தொடங்கினேன். ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்த உம்மா அந்தக் கையாலேயே என் வாயைப் பொத்தினார்.

வாப்பாவுக்குச் சந்தைக்குப் பக்கத்தில் இரும்புக்கடை. டீச்சரின் கணவர் கோர்ட்டில் வேலை பார்த்தவர். நாலு ஆணி வேண்டுமென்றாலும் எங்கள் கடைக்குத்தான் வருவார். டீச்சரைப் போய்ப் பார்க்கப் போவதாக அன்றிரவு உம்மா சொன்னார்.

“இதைப் பெரிசாக்காதையும். அந்த மனிசி கோவிச்சால் பிள்ளையின்ரை படிப்புத்தான் கெடும்,” என்றார் வாப்பா.

“கோவிச்சால் கோவிக்கட்டும். நான் சண்டைக்குப் போகேல்லை, கதைக்கப் போறன்.”

“அப்ப நான் போய்ச் சொல்லுறன்.”

“நீங்கள் போனால் சுகம் விசாரிச்சுப்போட்டு வந்திடுவீங்கள்.”

உண்மை அதுதான்.

வாப்பா இல்லாமல் வாசல் படலையைத் தாண்டாத உம்மா, மறுநாள் முக்காட்டை இழுத்துவிட்டு, குடையை விரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நடை ஓரிடத்திலும் தளரவில்லை.

டீச்சர் கதிரை தந்தார். “மகனை அடிக்கிறன் எண்டு முறையிட வந்தனீங்களோ?” என்று முந்திக்கொண்டார்.

“அடியுங்கோ டீச்சர். தோலை உரியுங்கோ. நான் ஒண்டும் கேக்க மாட்டன். அந்தப் பேரைச் சொல்லி மட்டும் ஏசாதேங்கோ. அது எங்கடை நபியின்ரை பேர்,” என்ற உம்மா, அவர் பெயரோடு ஓதும் ஸலவாத்தை ஒரு சொல்லும் விழுங்காமல் நிதானமாக ஓதி முடித்தார். டீச்சர் அதுவரை காத்திருந்தார்.

“பேர் வச்சது கூப்பிடத்தானே, அம்மா?”

உம்மா திருப்பிக் கேட்டார். “டீச்சரின்ரை வீட்டுக்காரருக்கு என்ன பேர்?”

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, “பிள்ளை, சேரின்ரை பேரை ஒருக்காச் சொல்லும்,” என்றார். ஊரெல்லாம் டீச்சரைக் கணவரின் பெயரோடு மிஸிஸ் சேர்த்துத்தான் கூப்பிட்டது. இவ்வளவு சுகமான கேள்விக்கு டீச்சருக்கே விடை தெரியவில்லையே என்று, நான் உரத்துச் சொன்னேன்.

டீச்சரின் முகம் சிவந்து, பிறகு சிரிப்பு வந்தது. உம்மா சிரிக்கவில்லை. “அதையும் இதையும் நான் ஒண்டாக வைக்கேல்லை டீச்சர். அப்பிடி வைக்கவும் கூடாது. உங்களுக்கு விளங்கவேணும் எண்டுதான் கேட்டனான்.”

“விளங்குது,” என்றார் டீச்சர், மெதுவாக. “அப்ப நான் அவனை எப்பிடிக் கூப்பிடுறது?”

“பேர் சொல்லியே கூப்பிடுங்கோ. நல்லதுக்குக் கூப்பிடுங்கோ. ஏசேக்கை மட்டும் தம்பி எண்டு சொல்லுங்கோ.”

இனித் தம்பிக்கு அடியும் இல்லை, ஏச்சும் இல்லை என்று வயிறெரிந்துகொண்டே நான் வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த கிழமை அவன் சிவந்த உள்ளங்கையோடு வந்து நின்று விம்மினான். பக்கத்துப் பெடியனின் தலையில் மையை ஊற்றியிருக்கிறான். உம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். ஏன் அடித்தார், எத்தனை அடி என்று ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன சொல்லி அடிச்சவ?”

“‘தம்பி, கையை நீட்டும்’ எண்டு.”

உம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. “நல்லம்,” என்று சொல்லி, தேங்காயெண்ணெய் எடுத்து அந்தக் கையில் தடவத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குடை பிடித்துப் பள்ளிக்கூடம்வரை போயும் பிள்ளைக்கு அடி விழுந்திருக்கிறது. இதில் என்ன நல்லம்? பாவம், உம்மா டீச்சரிடம் தோற்றுப்போய்விட்டார் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.