கொள்ளுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ரோடு

குடுமியான்மலைப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, எங்கள் ஊரோடு முடிந்துபோகிற ரோடு அது. அதற்கு அப்பால் வயல்தான். பலகையில் நெடுஞ்சாலைத்துறை என்று பெரிதாக எழுதியிருக்கும். தை, மாசியில் எங்களுக்கு அது களம். கொள்ளுச் செடியைப் பிடுங்கிவந்து தாரில் பரப்பிவிட்டால் டவுன் பஸ் ஏறி மிதித்துக் கொடுத்துவிடும். கூட்டி அள்ளித் தூற்றுவதுதான் எங்கள் வேலை.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காலை பஸ்ஸை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த நேரம் பார்த்து, செடி பஸ்ஸுக்கு அடியில் சுற்றிக்கொண்டு புகைந்துவிட்டது. டிரைவர் இறங்கிச் சத்தம் போட்டார். மறுநாள் மெயின் ரோட்டு முக்கிலேயே பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

“இன்னொரு தடவ லேட்டுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவோம்மா” என்றார் மேனேஜர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். ரோட்டில் கிடந்ததில் பாதி எங்கள் கொள்ளு.

“பஸ்ஸு வந்தாத்தானடி கொள்ளு உதுரும்?” என்றாள்.

“கொள்ளு கெடந்தா பஸ்ஸு எப்படிம்மா வரும்?”

 

மறுநாள் நான் எழுந்தபோது எங்கள் செடி முழுவதும் வாசலில் குவிந்திருந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களையும் அம்மா விடவில்லை. ஏசி ஏசியே அவர்கள் செடியையும் அள்ளவைத்திருந்தாள். பிறகு என்னோடு முக்குவரை நடந்துவந்து பஸ்ஸை மறித்தாள்.

“ஒரு எலை கெடக்காது. வந்து பாருங்க.”

“வாரேன் ஆத்தா. நாளைக்குத் தழ கெடந்துச்சு, திருப்பிருவேன்” என்றார் டிரைவர். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பஸ் ஊருக்குள் போனது. அம்மா இறங்கிக்கொண்டாள். நான் நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பியபோது அம்மா வாசலில் உட்கார்ந்து கம்பால் கொள்ளடித்துக்கொண்டிருந்தாள். பாதிகூட உதிரவில்லை. உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பை வாங்கப் போனேன், தரவில்லை.

“இப்பவும் பஸ்ஸு உள்ள வந்துச்சா?”

“ஊருக்குள்ள வந்துதான் எறங்குனேன்.”

“அப்பச் சரி” என்று மறுபடி கம்பை ஓங்கினாள்.