எதிர்வீட்டு ஃபோன் கிடைக்காத மதியம்

அன்று என் மகன் விடியற்காலையில் குடித்த பாலோடு இருந்தான். மதியம் ஒன்றரையைத் தாண்டிவிட்டது. அவன் தண்டையார்பேட்டையில், வீட்டில். நான் எண்ணூரில், கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய ஆலைக்குள். நடுவிலிருந்த ரோட்டைப் போலீஸ் மூடிவிட்டது. அந்த மதியத்தில் ஆண்டவர் எனக்கு எப்படிப் பதில் கொடுத்தார் என்பதைச் சபையார் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

அது 2003ஆம் வருடம். கெமிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பிரசவ விடுப்பு மூன்று மாதம். அது முடிவதற்குள், என் சுபாவப்படி, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தேன். யார் குளிப்பாட்டுவது, யார் தொட்டில் ஆட்டுவது, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர். ஒன்று மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. சாமுவேல் பாட்டிலைத் தொடவே மாட்டேன் என்றான். நிப்பிளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். பாலாடையில் ஊற்றினால் துப்பினான்.

வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். என் மாமியார்தான், "நான் கேட்டாண்ட தூக்கினு வரேன், நீ வேலைக்குப் போ" என்றார்கள். தினமும் பதினொன்றரைக்கு அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஆலை வாசலுக்கு வந்துவிடுவார்கள். செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் ஒரு சின்ன இடம். சாப்பாட்டு இடைவேளையில் அங்கே உட்கார்ந்து பால் கொடுப்பேன். வாசலில் நிற்கும் தேவராஜ் அண்ணன் அவனுக்குக் 'குட்டி சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்திருந்தார். "கரெக்ட் டைமுக்கு ட்யூட்டிக்கு வர்ற ஒரே ஆளு இவன்தாம்மா" என்பார்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. பதினொரு மணிவாக்கில் சைரன் ஊதியது. நெடுஞ்சாலையில் அமோனியா ஏற்றி வந்த டேங்கர் லாரி கவிழ்ந்துவிட்டது என்றார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தது. சொல்லும்வரை யாரும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

எனக்கு அமோனியாவைத் தெரியும். அதைப் படித்துத்தான் பாஸ் பண்ணினேன். பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்குள் அது போனால் என்ன ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அதை என் மனம் தானாகவே கற்பனை செய்தது. அத்தை வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கும் நேரம் அது.

இண்டர்காமில் வாசலைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, எங்க அத்தை வந்தாங்களா?"

"இல்லம்மா. ரோட்ல ஒரு ஈ காக்கா கெடையாது. வழிலயே எல்லாரையும் திருப்பி அனுப்பிகினு கீறாங்களாம். நீ பேஜாராவாத."

ஒரு மணிக்கு எனக்கு ஃபோன் வந்தது. எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. எதிர்வீட்டுப் பரிதாவின் ஃபோன்தான் எங்களுக்கும். பேசியது அத்தை.

"பாதி வழில, தேரடியாண்டயே போலீஸ்காரன் எறக்கி வுட்டான்மா. வெயில்ல நின்னு, எப்படியோ வூட்டுக்கு வந்துட்டோம்."

ஸ்தோத்திரம் என்று சொல்லி முடிக்கவில்லை, பின்னால் அவன் அழுகிற சத்தம் கேட்டது. கரகரத்த, களைத்துப்போன அழுகை.

"பாட்டில கண்டாலே மூஞ்சத் திருப்பிக்கிறான். தண்ணியும் எறங்கல. தொண்ட கட்டிப்போச்சு. நீ எப்போ வருவ?"

ரோட்டை இன்னும் திறக்கவில்லை. ரயிலும் நின்றுவிட்டது என்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் திரும்பக் கூப்பிட்டேன். என்கேஜ்டு. மறுபடியும் என்கேஜ்டு. எங்கள் ஆபரேட்டர் பெண், "லைன் கெடைக்கல மேடம்" என்று சொல்லும்போதெல்லாம் இன்னொரு தடவை போடச் சொன்னேன். டாக்டரைக் கூப்பிடுகிறார்களா? ஆம்புலன்ஸா? என்னிடம் சொல்லப் பயந்து ரிசீவரை எடுத்து வைத்துவிட்டார்களா?

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெள்ளைக் கோட்டு வரை பால் கசிந்து நனைந்திருந்தது. என் மார்பில் பால். அங்கே என் பிள்ளைக்குப் பசி. ஜெபத்திலும் நான் வரிசையாகக் கேட்கிறவள். காற்று திரும்ப வேண்டும், லாரியைத் தூக்க வேண்டும், ரயில் ஓட வேண்டும் என்று கேட்டேன். அதற்குமேல் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. "ஆண்டவரே, அவனுக்குப் பசிக்கிறது. எனக்கு வழி தெரியவில்லை." அவ்வளவுதான். அழுதேன்.

இரண்டு மணி வாக்கில் லைன் கிடைத்தது. பரிதா எடுத்தாள். பின்னால் அழுகைச் சத்தமே இல்லை. அந்த அமைதியில் எனக்கு உயிரே போய்விட்டது.

"பரிதா, புள்ளைக்கு என்ன ஆச்சு? ஏன் சத்தத்தையே காணோம்?"

"மெதுவா பேசுக்கா, முழிச்சிக்கப் போறான். வயிறு ரொம்பி என் மடியில தூங்கிகினு கீறான் உன் ராசா. நான்தான் பால் குடுத்தேன். கோச்சிக்காத."

பரிதாவுக்கும் கைக்குழந்தை. ஆயிஷா, சாமுவேலைவிட இரண்டு மாதம் மூத்தவள். அவளே சொன்னாள்.

"எங்கள்ல ஒரு மொற கீதுக்கா. எம் பால குடிச்சா அவன் எனக்குப் புள்ள, ஆயிஷாக்குக் கூடப்பொறந்தவன். நாளைக்கு ரெண்டுக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. அதான் எங்க வூட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்த கேக்கலாம்னு கடைக்கு ஃபோன் போட்டேன். தொழுவப் போயிருந்தாரு. வர்ற வரைக்கும் ஃபோன வைக்காம புட்சிகினு இருந்தேன். வந்து என்னையே திட்றாரு. 'புள்ள பசில கத்துது, இத்தப் போய் கேட்டுகினு கீற? மொதல்ல குடு'ன்னு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லைன் கிடைக்கவில்லை என்று நான் நடுங்கிய அத்தனை நேரமும், என் ஜெபத்துக்கான பதில் அதே லைனில்தான் காத்திருந்தது.

சாயங்காலம் எங்களை வெளியே விட்டார்கள். வீட்டுக்கு ஓடினேன். சாமுவேல் தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டிருந்தான். அத்தை என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர்கள், எங்கள் ஆட்களைத் தவிர யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறவர்கள். "அந்தப் பொண்ணு கைய நீட்டிச்சி. எனக்குத்தான் யோசனையா இருந்திச்சி. புள்ளைக்கு ஒரு யோசனையும் இல்ல, தாவிட்டான்" என்றார்கள். மறுநாள் முதல் அத்தை பரிதா வீட்டில்தான் காபி குடித்தார்கள்.

நான் வேலையை விடவில்லை. வழக்கம்போல வாசலில் பால் கொடுத்தேன். கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும் நாளில் பரிதா கொடுத்தாள். இப்போது சாமுவேல் ஒன்றாம் வகுப்பு. ஆயிஷா அவனை "டேய் தம்பி" என்று அதட்டி, கையைப் பிடித்துத்தான் ரோட்டைத் தாண்டவைப்பாள்.

நான் கேட்டபடி காற்று உடனே திரும்பவில்லை. லாரியை அந்தி சாய்ந்துதான் தூக்கினார்கள். ஆனால் என் பிள்ளையின் வயிறு மதியமே நிறைந்துவிட்டது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற சகோதரிகளே, நீங்கள் செய்து வைத்த ஏற்பாடெல்லாம் ஒருநாள் பொய்த்துப்போகலாம். கூப்பிட்டால் லைன் கிடைக்காமல் போகலாம். பயப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். உங்களுக்காக அந்தப் பக்கத்தில் யாரோ ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.